டுவெய்ன் வீட்டுச் சோளம்

அடுப்பு மறுபடியும் அணைந்திருந்தது. நிலவறைப் படிகளில் இறங்கும்போதே லினெட்டுக்குத் தெரிந்துவிட்டது. எரிகிற அடுப்புக்கு ஒரு மெல்லிய இரைச்சல் உண்டு, அது கேட்கவில்லை. கரி அப்பிய கண்ணாடிக் கதவைத் திறந்து, நீள இடுக்கியை உள்ளே விட்டு, நெருப்புக் கிண்ணத்தின் அடியில் இறுகிக் கிடந்த கட்டியை வெளியே இழுத்தாள். உருகி உறைந்த சாம்பல், கறுப்புக் கண்ணாடி மாதிரி இருந்தது. மக்காச்சோளம் நன்றாக எரிந்தால் ஒரு நாளைக்கு இப்படி ஒரு கட்டி விழும். எடுத்துப் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கலாம். இந்த அடுப்போ காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று போட்டு, தான் போட்ட கட்டியின் மேலேயே மூச்சுத் திணறி அணைந்துகொண்டிருந்தது.

"செத்துப்போச்சா?" என்று மேல்படியிலிருந்து ஆர்லின் கேட்டான்.

"செத்துப்போச்சு."

"நேத்து நல்லாத்தானே எரிஞ்சுது."

"நேத்தும் நீ இதையேதான் சொன்ன."

அவன் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு கொட்டகைப் பக்கம் போய்விட்டான். கதவு திறந்து மூடிய அந்த நொடியில் உள்ளே புகுந்த காற்று நிலவறை வரை வந்து லினெட்டின் கணுக்காலைக் கடித்தது.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அதற்கு முன்னால் இந்த வீடு சூடாக வேண்டும். ஆகாவிட்டால், மாமியார் வெர்னா அரிசோனாவுக்குப் போய்விடுவாள், போனால் திரும்பி வரமாட்டாள்.

அறுவடைக்கு முன்பு இடுப்பு எலும்பு முறிந்து, சோல்பெர்க் ஊரின் பராமரிப்பு இல்லத்தில் வெர்னா படுத்திருந்தாள். இப்போது கைப்பிடி நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எந்த வீட்டுக்கு என்பதுதான் கேள்வி. அரிசோனாவில் இருக்கும் மூத்த மகள் சோன்யா தொலைபேசியில் பட்டென்று சொல்லிவிட்டாள்.

"லினெட், உன்மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல. ஆனா போன குளிருக்கு அம்மா சமையலறையில கையுறை மாட்டிக்கிட்டு காபி குடிச்சாங்க. நானே பாத்தேன். இப்ப அந்த இடுப்போட, அந்த ஐஸ்பெட்டிக்குள்ள விடச் சொல்றியா?"

"இந்த வருஷம் அப்படி இருக்காது."

"அப்படின்னா கிறிஸ்துமஸுக்கு அம்மாவை நேரா வீட்டுக்கே கூட்டிட்டு வரேன். வீடு சூடா இருந்தா பேசிக்கலாம். இல்லன்னா, திரும்பிப் போறப்ப என்கூட அம்மாவும் வருவாங்க."

சோன்யா சொன்னதில் பொய் இல்லை. நூறு வருடத்துக்கு முந்தைய மரவீடு அது. வீட்டைச் சூடாக்கும் ப்ரொபேன் எரிவாயுவின் விலை ஏறிய பிறகு, சுவரில் இருக்கும் வெப்பமானியின் முள்ளை ஐம்பத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேலே தள்ள ஆர்லினுக்கு மனசு வந்ததே இல்லை. வீட்டுக்குள்ளேயே வாயிலிருந்து புகை வரும்.

வெர்னாவிடம் கேட்டால், "எனக்கு எங்கேன்னாலும் சரிதான்" என்பாள். அந்த ஊரே அப்படித்தான். நார்வேயிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். தனக்கு இது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பதை மேலாடை இல்லாமல் தேவாலயத்துக்குப் போவதற்குச் சமமாக நினைப்பவர்கள். ஆனால் போன வாரம் லினெட் பார்க்கப் போனபோது, வெர்னா வேறு எதையும் கேட்காமல், "வயல்ல பனி எவ்வளவு ஏறியிருக்கு?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு லினெட் பதில் சொல்லி முடிக்கும்வரை அவள் கையை விடவே இல்லை.

லினெட் அந்த ஊர்க்காரி இல்லை. முதல் திருமணம் முறிந்து, முப்பத்தொன்பது வயதில், மினியாபொலிஸ் நகரத்திலிருந்து இரண்டு பெட்டியோடு ஆர்லினுக்கு மனைவியாக வந்தவள். வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு சாயங்காலம், தன் கட்டிலில் மின்போர்வை விரித்திருப்பதைப் பார்த்தாள். மறுநாள் காலையில்தான் தெரிந்தது, வீட்டில் இருந்தது அந்த ஒரு போர்வைதான், வெர்னா கோட்டோடு படுத்துத் தூங்கியிருக்கிறாள் என்று. "எனக்குப் பழக்கம்" என்றாள் வெர்னா. பெற்றவளே தனக்கு அப்படிச் செய்ததாக லினெட்டுக்கு நினைவில்லை.

சோள அடுப்பு அவளுடைய யோசனை. ஊரைவிட்டுப் போன ஒரு குடும்பத்திடமிருந்து அதை இலையுதிர்காலத்தில் வாங்கி, ஆர்லினும் அவளுமாக நிலவறையில் இறக்கி, பழைய காற்றுக்குழாய்களோடு இணைத்தார்கள். மேலே தொட்டி. தொட்டிக்கு அடியில் திருகு ஒன்று மெல்லச் சுழன்று, சோளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக் கிண்ணத்தில் தள்ளும். விசிறி சூட்டை வீடு முழுக்க ஊதிவிடும். ஆர்லினுக்கு அதைப் பார்த்துச் சின்னப் பையன் மாதிரி சந்தோஷம்.

"நம்ம நிலத்துச் சோளம், நம்ம வீட்டுச் சூடு. இனி எந்த ப்ரொபேன் லாரியும் நம்ம வாசல்ல திரும்ப வேண்டாம்" என்றான்.

அந்த 'நம்ம நிலத்துச் சோளம்' என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருந்தது. லினெட்டுக்கு அது அப்போது தெரியாது.

ஒரு வாரமாக அவர்கள் பழிபோடாத பொருள் இல்லை. புகைபோக்கியைத் துடைத்தார்கள். விசிறியைக் கழற்றி மாட்டினார்கள். கட்டி இறுகாமல் இருக்கும் என்று, கோழிக்குப் போடும் சிப்பித் தூளைச் சோளத்தோடு கலந்தும் பார்த்தார்கள். கூட்டுறவுக் கிடங்கிலிருந்து இரண்டு மூட்டை கொண்டுவந்து கொட்டினால், அது ஊர்ச் சோளமெல்லாம் கலந்து, நொறுங்கலும் தூசியுமாக இருந்து திருகையே அடைத்துவிட்டது. அதைத் தோண்டி எடுக்க ஆர்லினுக்கு அரை நாள் ஆயிற்று.

இன்று காலை, அணைந்த அடுப்பின் முன்னால் குந்தியிருந்த லினெட், சும்மா ஒரு சோளமணியை எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள். பல் உள்ளே இறங்கியது. 'டக்' என்று உடைய வேண்டிய மணி, பழைய ரொட்டி மாதிரி அமுங்கியது.

காபி டப்பா ஒன்றில் சோளத்தை நிரப்பிக்கொண்டு, நேராகக் கிடங்குக்கு வண்டியை ஓட்டினாள். எடை மேடையில் இருந்த இளைஞன் அதைத் தானியத்தின் ஈரத்தை அளக்கும் கருவியில் கொட்டினான்.

"பத்தொன்பது சதவீதம் ஈரம்" என்றான். "யாரு சோளம் இது?"

"எரிக்கிறதுக்கு எவ்வளவு இருக்கணும்?"

"பதினஞ்சுக்குக் கீழ. இதை எரிச்சா, துணி துவைச்சு ஈரத்தோட எரிக்கிற மாதிரிதான். யாருதுன்னு கேட்டேனே?"

சன்னலோரமாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த நான்கைந்து கிழவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். "யாருதோ" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

ஆர்லின் கொட்டகையில் டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தான். அவள் ஈர அளவைச் சொன்னாள். டிராக்டருக்கு அடியில் அவன் முடுக்கிக்கொண்டிருந்த கருவி தரையில் விழுந்தது.

"தெரியும்" என்றான் கடைசியில்.

"தெரியுமா?"

"இருபதா இருக்கும்னு நெனச்சேன். பத்தொன்பதுன்னா பரவாயில்ல."

"ஆர்லின், வெளிய வா."

வந்தான். முகத்தில் எண்ணெய்க் கறை. அவன் ஏன் ஈரச்சோளத்தை அறுத்தான் என்று அவள் கேட்க வேண்டியதே இல்லை. பதினோரு வருடமாக அந்தப் பகுதியில் முதலில் அறுவடை முடிக்கிறவன் ஆர்லின்தான். கடைசியில் முடிக்கிறவன் பக்கத்துப் பண்ணை டுவெய்ன் ரூட். மற்றவர்கள் இயந்திரங்களைக் கழுவி உள்ளே நிறுத்திய பிறகும், டுவெய்னின் வயலில் சோளத்தட்டை காய்ந்து சலசலத்துக்கொண்டு நிற்கும். "டுவெய்னுக்கு அறுத்துக் கொடுக்க மான் கூட்டம் வரணும்" என்பது கிடங்குச் சன்னலோரம் ஆர்லின் ஆரம்பித்து வைத்த கேலி. இப்போது ஊரே அதைச் சொல்கிறது.

"காயவைக்கிற இயந்திரம் இருக்குல்ல, அதுல போட்டு எடு" என்றாள் லினெட்.

"அது எதுல ஓடுது?"

அவள் யோசித்தாள். "ப்ரொபேன்ல."

"ப்ரொபேன் எரிச்சுச் சோளத்தைக் காயவெச்சு, அந்தச் சோளத்தை எரிச்சு ப்ரொபேனை மிச்சம் பண்றதா? அது கிடங்குல தெரிஞ்சா என் கல்லறைக் கல்லுலயே பொறிச்சு வெச்சிருவானுங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "சரி. அப்ப காஞ்ச சோளம் யாருகிட்ட இருக்கு?"

ஆர்லின் துணியால் கையைத் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். இருவருக்கும் அந்தப் பெயர் தெரியும். நவம்பர் முடியும்வரை வெயிலிலும் காற்றிலும் நின்று, செடியிலேயே காய்ந்த சோளம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒருவனிடம்தான் இருந்தது.

"சோளம் விளைவிக்கிறவன் அடுத்தவன்கிட்ட போய்ச் சோளம் கேக்குறதா?" என்றான் ஆர்லின். கோபமாகக்கூட இல்லை, நடக்காத காரியத்தைச் சொல்கிற குரலில் சொன்னான். "மீன் பிடிக்கிறவனே கடையில போய் மீன் வாங்குற மாதிரி."

"உங்கம்மாவுக்காக."

"எங்கம்மாவே கேக்கமாட்டாங்க, லினெட்."

அதற்கு மேல் அவனிடம் பேசிப் பயனில்லை. அன்று மத்தியானம் அவள் இரண்டு வாளிகளை எடுத்துக்கொண்டு டுவெய்ன் வீட்டுக்குப் போனாள்.

டுவெய்ன் ரூட் பருத்த, நிதானமான மனிதன். கதவைத் திறந்து அவளையும் வாளிகளையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் சுருக்கமாகச் சொன்னாள். அவன் தாடையைச் சொறிந்துகொண்டே கேட்டான்.

"எவ்வளவு ஈரம்னு சொன்ன?"

"பத்தொன்பது."

"பத்தொன்பது" என்று அவன் தனக்குள் சொல்லிக்கொண்டான், மிட்டாயை வாயில் உருட்டுவது மாதிரி. "இன்னொரு தடவ சொல்லேன்."

"டுவெய்ன்."

"சரி சரி. வெர்னாவுக்குன்னா நீ கேக்கவே வேண்டாம். ரெண்டு வாளி எடுத்துட்டுப் போ, எரிச்சுப் பாரு. ஆனா குளிர்காலம் முழுக்க வேணும்னா, அவன் வரட்டும். பகல்ல. அவன் வண்டியோட."

"வந்தா?"

"ஒரு வாக்கியம் சொல்லணும். அவ்வளவுதான் விலை."

என்ன வாக்கியம் என்று அவள் கேட்கவில்லை.

தொட்டியிலிருந்த ஈரச்சோளத்தை முழுக்க வாரி எடுத்து, டுவெய்னின் சோளத்தைக் கொட்டினாள். கூழாங்கல் மாதிரி சலசலவென்று இறங்கியது. மரத்தூள் உருண்டைகளைப் பற்றவைத்து, திருகை ஓடவிட்டாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு சுடர் எழுந்து நின்றது. இத்தனை நாளாகப் பார்த்த சோம்பேறிச் செந்தீ இல்லை இது. நிமிர்ந்து, பளிச்சென்று, இரைந்து எரிந்தது. விசிறி சுழல ஆரம்பித்தது. சோளம் வறுபடும் மெல்லிய வாசனை படியேறிப் போயிற்று.

இருட்டுவதற்குள் ஆர்லின் வேலை முடிந்து உள்ளே வந்தான். வாசலிலேயே நின்றான். காற்றை முகர்ந்தான். கையுறையைக் கழற்றி, தரையில் சூடான காற்று வரும் துளையின் மேல் உள்ளங்கையைக் காட்டினான். பிறகு பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நிலவறைக்கு இறங்கி, தொட்டிக்குள் கைவிட்டு ஒரு பிடி சோளத்தை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தான்.

"இது நம்ம சோளம் இல்லையே."

"இல்ல."

"யாருது?"

"தெரிஞ்சுக்கிட்டே கேக்காத."

ஒரு மணியை வாயில் போட்டான். 'டக்' என்று உடைந்தது. அந்தச் சத்தம் அவனுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று லினெட்டால் உணர முடிந்தது. அவன் அடுப்பின் முன்னால் தலைகீழாகக் கவிழ்த்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்து, சுடரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்ல சோளம்" என்றான், யாருக்கோ சொல்வது மாதிரி.

"ரெண்டு வாளி நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான் வரும்."

"ம்."

அவள் அவன் தோளில் கை வைத்தாள். அவன் அந்தக் கையின் மேல் தன் கன்னத்தைச் சாய்த்தான். அந்த ஊர் ஆண்பிள்ளைக்கு அதுவே நிறைய.

மறுநாள் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, டிராக்டர் உறுமும் சத்தம் கேட்டு லினெட் சன்னலுக்கு வந்தாள். ஆர்லின் தானியம் ஏற்றும் பெரிய சிவப்பு வண்டியை டிராக்டரில் பூட்டிக்கொண்டிருந்தான். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடி, டிராக்டர் அறைக்குள் ஏறி அவன் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தாள். அவன் அவளுக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

டுவெய்ன் முற்றத்தில் நின்றிருந்தான். காத்துக்கொண்டிருந்தவன் மாதிரிதான் தெரிந்தான்.

"வாடா ஆர்லின். வழி தவறி வந்துட்டியா?"

"இல்ல."

"மான் எதையாவது தேடிட்டு வந்தியா?"

"டுவெய்ன்." ஆர்லின் கீழே இறங்கி, தொப்பியைக் கழற்றினான். பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும் குளிரில் அவன் காதுகள் உடனே சிவந்தன. "எனக்குச் சோளம் வேணும்."

டிராக்டர் அறையிலிருந்த லினெட் முன்னால் சாய்ந்தாள். 'வேணும்' என்ற சொல்லைத் தன் கணவன் வாயிலிருந்து அவள் அதுவரை கேட்டதில்லை. அவளைப் பெண் கேட்டபோதுகூட, "உனக்கு வேற வேலை எதுவும் இல்லன்னா கல்யாணம் பண்ணிக்கலாமா" என்றுதான் கேட்டிருந்தான்.

டுவெய்னும் அதை எதிர்பார்க்கவில்லை. கேலிச் சிரிப்பு அவன் முகத்திலிருந்து தானாக இறங்கிவிட்டது.

"உன் சோளம் என் சோளத்தவிட நல்லா காஞ்சிருக்கு" என்று ஆர்லின் தொடர்ந்தான். "எங்கம்மா வீட்டுக்கு வரணும். அதுக்கு உன் சோளம்தான் வேணும். நீ என்ன சொல்லச் சொல்றியோ சொல்றேன்."

"சொல்லிட்டியேடா" என்றான் டுவெய்ன். "நான் கேக்க நெனச்சதவிட ஒரு வாக்கியம் கூடவே சொல்லிட்ட." சட்டென்று திரும்பி, களஞ்சியத்தின் குழாயைத் திறக்கப் போனான். போகும்போது, "தொப்பியப் போடு, மடையா. காது உதிர்ந்துடும்" என்றான்.

தங்கநிறச் சோளம் குழாயிலிருந்து வண்டிக்குள் அருவி மாதிரி கொட்டியது. வண்டி விளிம்புவரை நிறைந்தது. டுவெய்ன் குவியலின் மேல் தார்ப்பாய் போடப் போனான். ஆர்லின் வேண்டாம் என்று கைகாட்டினான்.

"பின்பக்கம் சரளைப் பாதை இருக்கே, அதுல போனா யாரும் பாக்கமாட்டாங்க" என்றான் டுவெய்ன், மெதுவாக.

"தெரியும்" என்றான் ஆர்லின்.

டிராக்டரை ஊர்ச் சாலையில் திருப்பினான். சோல்பெர்க்கின் ஒரே கடைத்தெரு வழியாக, நடந்துபோகிற வேகத்தில் ஓட்டினான். கிடங்குச் சன்னலுக்குப் பின்னால் ஒரு தலை திரும்பியது, பிறகு எல்லாத் தலைகளும். ஆர்லின் நிறுத்தியே விட்டான். கிழவர்கள் காபிக் கோப்பையோடு வாசற்படிக்கு வந்தார்கள்.

"எங்கிருந்துடா இவ்வளவு?" என்றார் ஒருவர்.

"டுவெய்ன் ரூட் களஞ்சியத்துலருந்து. வீட்ட சூடாக்க. இந்தப் பக்கத்துலயே நல்ல சோளம் அதுதான்."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவர் மட்டும், "நானும் ஒரு மூட்டை கேக்கலாமான்னு பாத்தேன், வெக்கமா இருந்துச்சு" என்றார். ஆர்லின் தொப்பியின் நுனியைத் தொட்டு அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த லினெட்டுக்கு, ஊர்கோலத்தில் போகும் மணப்பெண் மாதிரி இருந்தது. இரண்டு கல்யாணத்திலும் அவளுக்கு அப்படி இருந்ததில்லை.

சோன்யா வந்த அன்று காற்றோடு சேர்த்துக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. அவளும் ஆர்லினுமாக வெர்னாவை இரண்டு பக்கமும் பிடித்து, வாசற்படி ஏற்றி உள்ளே கொண்டுவந்தார்கள். சோன்யா சண்டைக்குத் தயாராகவே வந்திருந்தாள். கோட்டின் பொத்தான் ஒன்றைக்கூடக் கழற்றாமல் நேராகச் சுவரிலிருந்த முள்ளிடம் போனாள். எழுபத்து நான்கு.

"இப்ப நாங்க வரோம்னு ஏத்தி வெச்சிருப்பீங்க."

"நாலஞ்சு நாளா இப்படித்தான் அக்கா" என்றான் ஆர்லின்.

"ராத்திரி இறங்கிடும்."

"உக்காந்து பாருங்க" என்றாள் லினெட்.

சோன்யா உட்கார்ந்தாள். காபி வந்தது, வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டிய உருளைக்கிழங்கு ரொட்டி வந்தது. பேச்சுக்கு நடுவில் அவள் கழுத்துத்துணி போயிற்று. பிறகு கோட்டு. பிறகு, யாரையும் பார்க்காமல், ஒரு ஸ்வெட்டர். கடைசியில் அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்து, ரொட்டி சுற்றியிருந்த காகிதத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். ஆர்லின் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தோள்கள் குலுங்கின.

"சிரிக்காத, ஆர்லின்."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"மூஞ்சி சொல்லுது."

அப்போதுதான் வெர்னாவின் நாற்காலி காலியாக இருப்பதை லினெட் பார்த்தாள். நடைவண்டியின் 'டொக் டொக்' சத்தம் கூடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பின்னாலேயே போனாள். வெர்னா வடக்கு அறையின் வாசலில் நின்றிருந்தாள். வாடைக்காற்று நேராக வந்து மோதும் அறை அது; ஒவ்வொரு குளிர்காலமும் கதவிடுக்கில் கம்பளியைச் செருகி மூடிவிடுவார்கள், இந்த முறை மூடவில்லை. வெர்னா கல்யாணமாகி வந்த அறை. கணவன் இருந்த வரையிலும், போன பிறகும், பனி விழத் தொடங்கினால் அவள் அதை விட்டுவிட்டுக் கூடத்துச் சோபாவுக்கு வந்துவிடுவாள்.

வெர்னா உள்ளே போய், கட்டில் தலைமாட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். வைத்தபடியே நின்றாள்.

"இந்தச் சுவரு சுட்டு நான் பாத்ததில்ல" என்றாள்.

சோன்யாவும் ஆர்லினும் வாசலுக்கு வந்திருந்தார்கள். வெர்னா திரும்பினாள்.

"சோன்யா, என் பெட்டி கார்லயா இருக்கு?"

"ஆமாம்மா. அரிசோனாவுக்குன்னு கட்டினது அப்படியே..."

"இங்க கொண்டாந்து வெய்யி. இந்த ரூம்ல."

"அம்மா, அங்க வெயில் இருக்கு. நீங்க எங்கேன்னாலும் சரின்னு சொன்னீங்களே."

"சொன்னேன். சரிதான், போயிருப்பேன்" என்றாள் வெர்னா. "ஆனா எனக்கு என் வீடு வேணும்."

சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள், கையில் எடுத்ததை இனி தரமாட்டேன் என்பது மாதிரி. சோன்யா கொஞ்ச நேரம் தாயைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தம்பியின் முதுகில் ஒரு தட்டு தட்டினாள். "போய் பெட்டிய எடுத்துட்டு வாடா. நான் கோட்டு போடணும்னா மறுபடி அரை மணி நேரம் ஆகும்."

ஆர்லின் போனான். வெர்னா மருமகளைக் கூப்பிட்டு, கட்டிலில் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"லினெட், ஒண்ணு சொன்னா தப்பா நெனச்சுக்கமாட்டியே?"

"சொல்லுங்கம்மா."

"கொஞ்சம் சூடு அதிகம்."

லினெட் எழுந்துபோய், வடக்குச் சன்னலின் தாழ்ப்பாளை நீக்கினாள். பனி உறைந்து அது இறுகிப்போயிருந்தது. தோளைக் கொடுத்து மேலே தள்ளினாள். நடுக்குளிர்காலத்தில், அந்தச் சன்னல் முதல்முறையாகத் திறந்தது. வாடைக்காற்று உள்ளே வந்து திரைச்சீலையை ஒரு முறை ஆட்டியது. வெர்னா முகத்தை அதற்குக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப சரியா இருக்கு" என்றாள்.